உறவு சொல்லி வரும் படை

ஒரு வல்லரசு தன் அண்டை நாட்டின்மீது படை செலுத்தும்போது அதற்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் மூன்று இடங்களில் தேடுவர்: நிலப்படம், கருவூலம், ஆயுதச்சாலை. எல்லை எங்கே, எண்ணெய் எங்கே, ஏவுகணை எங்கே என்று வினவுவது அரசியல் அறிஞரின் வழக்கம். அது தவறன்று. ஆயினும் அவர்கள் அதிகம் நுழைந்து பாராத நான்காவது இடம் ஒன்றுண்டு. அதுதான் நூலகம். ஒரு நாடு தன்னை யார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, தன் வீட்டின் எல்லையை எங்கே வகுத்துக்கொண்டிருக்கிறது, யாரைத் தன்னவர் என்றும் யாரை அயலார் என்றும் அழைக்கிறது என்னும் வினாக்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. படைகள் எல்லையைக் கடக்கும் முன்னரே சொற்கள் அதைக் கடந்துவிடுகின்றன.

இதற்கு நம் காலத்தில் ருஷ்யாவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஏனெனில் அங்கே நாட்டின் தலைவரே எழுதுகோல் எடுத்து, தம் அயலுறவுக் கொள்கையின் அடிப்படையை ஒரு வரலாற்றுக் கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறார். 2021ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ருஷ்யர், உக்ரைனியர் ஆகியோரின் வரலாற்று ஒருமைப்பாடு பற்றி அதிபர் விளாதிமீர் புட்டின் எழுதிய நீண்ட கட்டுரை ருஷ்ய மொழியிலும் உக்ரைனிய மொழியிலும் வெளியிடப்பட்டது. ஏழு மாதங்களுக்குப் பின், 2022 பிப்ரவரி 24ஆம் நாள், ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. எனவே அக்கட்டுரையை அரசியல் ஆவணமாக மட்டுமன்றி ஒரு படைப்பாகவும் கொண்டு திறனாய்வது நம் கடமையாகிறது. அதில் கதை இருக்கிறது; பாத்திரங்கள் இருக்கின்றன; சொல்லப்பட்டவையும் சொல்லாமல் விடப்பட்டவையும் இருக்கின்றன.

ஒரு குடும்பக் கதை

கட்டுரையின் கதை இதுதான். ருஷ்யர், உக்ரைனியர், பைலோருஷ்யர் ஆகிய மூவரும் பண்டைய ‘ரூஸ்’ நாட்டின் வழித்தோன்றல்கள்; ஒரே மக்கள். மொழியும், 988ஆம் ஆண்டு கீவ் நகரத்து இளவரசர் விளாதிமீர் ஏற்ற கிறிஸ்தவ மார்க்கமும் அவர்களைப் பிணைத்தன. பின்னர் லித்துவேனியரும் போலந்தினரும் அவர்களைப் பிரித்தனர். 1654இல் கொசாக்குகள் மாஸ்கோவின் மன்னரை ஏற்றபோது பிரிந்தோர் கூடினர். மீண்டும் பிறநாட்டார் சூழ்ச்சி பிரிவினையை விதைத்தது. இன்றைய உக்ரைன் என்பது முழுக்கமுழுக்க சோவியத் காலத்தின் ஆக்கம். ருஷ்யாவுடன் கைகோத்து நிற்கும்போதுதான் உக்ரைனின் உண்மையான இறையாண்மை கைகூடும் என்பது கட்டுரையின் முடிவு.

இக்கதையில் உண்மை இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கீவ் நகரம் இரு மக்களின் நினைவிலும் வீற்றிருப்பது மெய். மொழிகள் நெருங்கியவை. எண்ணற்ற குடும்பங்களில் கொள்வினை கொடுப்பினை இருந்து வந்திருக்கிறது. இடையூறு கதையின் செய்திகளில் இல்லை. கதை சொல்லும் முறையில் இருக்கிறது. இக்கதையில் இளையவனுக்கு வாய் இல்லை. அவன் ருஷ்யாவை நோக்கி வந்த ஒவ்வொரு முறையும் அது அவன் விருப்பம் எனப்படுகிறது. விலகிய ஒவ்வொரு முறையும் அது யாரோ ஒரு பிறனின் சூழ்ச்சி எனப்படுகிறது. போலந்தினர், ஆஸ்திரியர், போல்ஷெவிக்குகள், மேலைநாட்டார் என்று சூழ்ச்சியாளரின் பெயர் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுகிறது. உக்ரைனியன் தானே எண்ணித் தானே முடிவு செய்தான் என்னும் வாக்கியத்திற்கு மட்டும் அங்கே இடமில்லாமற் போகிறது.

தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்பர் நம் முன்னோர். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து பழகிய மக்கள் கண்டறிந்த உண்மை அது. உறவு உரிமையைத் தரும். ஆனால் மற்றவனின் வாயை மூடும் உரிமையை அது தருவதில்லை. ‘பங்காளி’ என்ற சொல்லிலேயே பங்கு இருக்கிறது. பங்கை மறுத்துவிட்டு உறவை மட்டும் பேசுவோனை ஊர் நம்பாது.

உக்ரைனிய மக்கள் வாய் திறந்த நாளும் உண்டு. 1991 டிசம்பர் 1ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் விடுதலைக்கு ஆதரவளித்தனர். ருஷ்ய மொழி பேசுவோர் மிகுந்த தோனெத்ஸ்க், லுகான்ஸ்க் மாவட்டங்களிலும் அது 80 விழுக்காட்டைக் கடந்தது. கிரிமியாவில்கூடப் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அவ்வாறே வாக்களித்தனர். 1994இல் புடாபெஸ்ட் நகரில் உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கைவிட ஒப்பியபோது அதன் எல்லைகளை மதிப்பதாக ருஷ்யாவும் கையொப்பமிட்டது. 1997இல் நட்புறவு உடன்படிக்கையும் எழுந்தது. குடும்பக் கதையைக் காட்டிலும் இவை அண்மைக் காலத்தவை, எழுத்தில் உள்ளவை, இரு தரப்பும் ஒப்பியவை.

ஷெவ்செங்கோவின் உரைநடை

கட்டுரையில் இலக்கியமும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. தாராஸ் ஷெவ்செங்கோ கவிதைகளை உக்ரைனிய மொழியிலும் உரைநடையைப் பெரும்பாலும் ருஷ்ய மொழியிலும் எழுதினார். கோகோல் ருஷ்ய மொழியில் எழுதினார். இம்மரபை இரண்டாகப் பிரிப்பது எங்ஙனம் என்று அதன் ஆசிரியர் வினவுகிறார்.

ஷெவ்செங்கோ யார்? 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838இல் விலை கொடுத்து விடுவிக்கப்பட்டவர். 1847இல் கைது செய்யப்பட்டுச் சாதாரணப் படைவீரனாக ஓரன்பர்க் எல்லைப்புறத்திற்கு அனுப்பப்பட்டார். எழுதவும் கூடாது, ஓவியம் தீட்டவும் கூடாது என்று முதலாம் நிக்கொலஸ் மன்னர் ஆணையிட்டார். அத்தண்டனை பத்தாண்டு நீடித்தது. அவருடைய ருஷ்ய மொழிக் கதைகள் பெரும்பாலும் அந்தக் காவல் வாழ்வின் காலத்திலேயே எழுதப்பட்டவை. ஆக, ஒரு கவிஞனின் வாய்க்குப் பூட்டிட்ட பேரரசு, அவன் அந்நாளில் எந்த மொழியில் எழுதினான் என்பதைப் பிற்காலத்தில் உறவுக்குச் சான்றாகக் காட்டுகிறது. உக்ரைனிய மொழி நூல்களைக் கட்டுப்படுத்திய 1863ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும், அம்மொழியில் நூல் அச்சிடுவதையும் நாடகம் நடத்துவதையும் தடுத்த 1876ஆம் ஆண்டு ஆணையும் கட்டுரையில் குறிப்பிடப்படாமல் இல்லை. ஆனால் அவை அக்காலச் சூழ்நிலையில் வைத்துப் பார்க்க வேண்டியவை என்ற அளவில் கடந்து செல்லப்படுகின்றன.

ஷெவ்செங்கோவைப் பற்றி நாம் மறக்கலாகாத மற்றொரு செய்தியும் உண்டு. 1845இல் அவர் ‘காகஸஸ்’ என்ற நெடுங்கவிதை எழுதினார். காகஸஸ் மலைப் போரில் ருஷ்யப் படையில் இருந்து மாண்ட தம் நண்பர் ஒருவருக்கு அதை அவர் காணிக்கையாக்கினார். ஆனால் அவருடைய பரிவு முழுவதும், தம் மலைகளைக் காக்கப் போராடிய முஸ்லிம்களின் பக்கம் நின்றது. நண்பனுக்காக அழுதுகொண்டே நண்பனைக் கொன்றவர்களின் நியாயத்தைக் கண்ட கவிஞர் அவர். ‘ஒரே மக்கள்’ என்ற வேலிக்குள் அடங்காத உள்ளம் அது.

கவிதையில் வளர்ந்த கொள்கை

இக்குடும்பக் கதை 2021இல் பிறந்ததன்று. அதன் வேர் ருஷ்ய இலக்கியத்தின் பொற்காலத்தில் இருக்கிறது. 1830இல் போலந்தினர் ருஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுந்தனர். அவர்களுக்கு ஆதரவாகப் பிரெஞ்சு நாட்டில் குரல்கள் எழுந்தபோது, 1831இல் புஷ்கின் ‘ருஷ்யாவைப் பழிப்போருக்கு’ என்ற கவிதையை எழுதினார். இது ஸ்லாவிய இனத்தாருக்குள் நிகழும் பழைய வழக்கு. அயலார் தலையிட உரிமையில்லை என்பது அதன் சாரம். ஒருவன் மறுக்கும் உறவை மற்றவன் அவன்மீது சுமத்தி, அதன் பெயரால் ஊராரை விலகி நிற்கச் சொல்லும் வாதம் அன்றே முழு வடிவம் பெற்றுவிட்டது.

1822இல் வெளிவந்த அவருடைய ‘காகஸஸின் கைதி’ மலைமக்களின் வீரத்தையும் எழிலையும் பாடிய காவியம். ஆனால் அதன் பின்னுரையில் அம்மலைகளை அடக்கிய தளபதிகளைக் கவிஞர் போற்றுகிறார். கவிஞரின் நண்பரான வியாசெம்ஸ்கி அப்போதே தம் கடிதத்தில் இதைக் கடிந்தார். 1831ஆம் ஆண்டுக் கவிதையையும் அவர் ஏற்கவில்லை. இதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ருஷ்ய இலக்கியம் ஒரே குரலில் பேசியதன்று. பேரரசின் பாட்டுக்கு மறுப்புச் சொன்னவர்களும் ருஷ்யர்களே.

சோல்செனித்சின் இதற்கு இன்னும் நுட்பமான சான்று. 1990இல் சோவியத் யூனியன் தள்ளாடிக்கொண்டிருந்தபோது ருஷ்யாவை எவ்வாறு சீரமைப்பது என்று அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ருஷ்யர், உக்ரைனியர், பைலோருஷ்யர் ஆகியோர் ஒரே வேரினர் என்பதே அவருடைய நம்பிக்கையும். தம் குருதியிலேயே உக்ரைனியம் கலந்திருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். பிரிய வேண்டா என்று மன்றாடினார். ஆயினும் உக்ரைனிய மக்கள் மெய்யாகவே பிரிய விரும்பினால் அவர்களை வலிமையால் நிறுத்தி வைக்க எவரும் துணியலாகாது என்றும் எழுதினார். அந்தந்த வட்டார மக்களே முடிவு செய்யட்டும் என்றார். பழைய கதை அவ்வாறே இருக்க, மறுப்பதற்கான உரிமை மட்டும் அதில் சேர்கிறது. அந்த ஒன்று சேர்ந்தாலே கதையின் முடிவு வேறாகிறது. ஆகவே உறவுணர்வு போரைக் கட்டாயமாக்குவதில்லை. உறவினனுக்கு ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை மறுக்கும் உறவுணர்வே போருக்கு வழி கோலுகிறது.

இப்னு கல்தூன் தரும் அளவுகோல்

அரசுகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆராய்ந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய முகத்திமாவில் ‘அஸபிய்யா’ என்னும் குழுவுணர்வை ஆட்சியின் உயிர்நாடி என்று கண்டார். ஆனால் அவருடைய கூர்மை இன்னோர் இடத்தில் இருக்கிறது. வமிசம் என்பது எண்ணத்தில் வாழும் ஒன்று, அதற்குத் தனித்த உண்மை இல்லை, மக்களைப் பிணைப்பதே அதன் பயன் என்று அவர் உரைக்கிறார். குருதியைப் பெரிதென மதித்த ஒரு காலத்தில் வாழ்ந்துகொண்டே குருதியின் பெருமையை இவ்வாறு அளந்து பார்த்தது அவருடைய மேதைமை.

இந்த அளவுகோலை வைத்தால் ருஷ்ய அரசின் செயல்கள் பல விளங்குகின்றன. உறவு எண்ணத்தில் வாழ்வதென்றால் அதை ஆக்கவும் முடியும். 1999இல் அயல்நாடுகளில் வாழும் தன் இனத்தாரைப் பற்றி ருஷ்யா ஒரு சட்டம் இயற்றியது. 2002 முதல் ஜார்ஜியாவின் பிரிவினைப் பகுதிகளான அப்காஸியா, தெற்கு ஒஸேத்தியா ஆகியவற்றின் மக்களுக்கு ருஷ்யக் குடியுரிமைச் சீட்டுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் இனத்தால் ருஷ்யர் அல்லர். 2008 ஆகஸ்டில் போர் மூண்டபோது, தன் குடிமக்களைக் காக்கவே படை சென்றது என்று ருஷ்யா கூறிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் அவ்விரண்டையும் தனி நாடுகளாக ஏற்றது. காகிதத்தில் பிறந்த உறவு ஐந்து நாட் போருக்கு ஆதாரமாயிற்று.

2007இல் ‘ருஷ்ய உலகம்’ என்ற பெயரில் அரசு ஓர் அறக்கட்டளையை நிறுவிற்று. 2020ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம் ருஷ்ய மக்களை அரசை உருவாக்கிய மக்கள் என்று குறித்தது. 2023 மார்ச் 31ஆம் நாள் வெளியான அயலுறவுக் கொள்கை ஆவணம் ருஷ்யாவைத் தனித்தன்மை வாய்ந்த ‘நாகரிக அரசு’ என்று அழைத்தது. நாட்டிற்கு எல்லைக்கோடு உண்டு. நாகரிகத்திற்கு எல்லைக்கோடு எங்கே? அச்சொல்லைக் கையாளும்போதே எல்லை மங்கத் தொடங்கிவிடுகிறது.

எதிர்வாதம்

இவ்விடத்தில் ஒரு நண்பர் மறுக்கலாம். “அடையாளம், கதை என்பனவெல்லாம் வெளிப்பூச்சு. மேலைநாட்டுப் படைக் கூட்டணியான நேட்டோ கிழக்கே நகர்ந்து வந்தது. 2008இல் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் அதில் சேரும் என்று அறிவிக்கப்பட்டது. எந்த வல்லரசு இதைப் பொறுக்கும்?” என்று அவர் கேட்பார். வலுவான கேள்விதான். அச்சம் ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பின்லாந்தைப் பாருங்கள். அது 1809 முதல் 1917 வரை ருஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்தது. 1939இல் சோவியத் படைகள் அதைத் தாக்கியதும் வரலாறு. ருஷ்யாவுடன் அதன் எல்லை 1,300 கிலோமீட்டருக்கும் நீண்டது. அந்நாடு 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. மாஸ்கோ கண்டித்தது, எச்சரித்தது. ஆனால் பின்லாந்து என்று ஒரு நாடே இல்லை என்று எவரும் கட்டுரை எழுதவில்லை. ருஷ்யப் படைகள் அப்போது வேறிடத்தில் சிக்கியிருந்தன என்பது பாதி விடையே. பின்லாந்து ருஷ்யாவின் கதையில் அயலான். அயலான் தன் வழியே போவது எரிச்சலூட்டலாம், அவமானமாகாது. உடன்பிறந்தான் எனக் கருதப்பட்டவன் போவதோ துரோகமாகத் தோன்றுகிறது. அச்சம் ஒன்றே காரணமாயின் இரு எல்லைகளிலும் ஒரே மொழி பேசப்பட்டிருக்கும்.

அதே வேளையில் அடையாளமே எல்லாவற்றையும் விளக்கும் என்று கூறுவதும் மிகை. ஆர்மீனியா பழம்பெரும் கிறிஸ்தவ நாடு. ருஷ்யாவின் தலைமையிலான பாதுகாப்புக் கூட்டமைப்பில் உறுப்பினர். 2020 போருக்குப் பின் கரபாக் பகுதியில் ருஷ்ய அமைதிப் படையினர் ஏறத்தாழ 2,000 பேர் நிறுத்தப்பட்டிருந்தனர். ஆனால் 2023 செப்டம்பரில் அசர்பைஜான் அப்பகுதியைக் கைப்பற்றியபோது அவர்கள் தடுக்கவில்லை. ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட ஆர்மீனியர் வீடு வாசல் விட்டு வெளியேறினர். மார்க்கத்தின் நெருக்கம் அங்கே ஒரு விரலையும் அசைக்கவில்லை. ‘ஒரே மக்கள்’ என்ற கதையில் அவர்கள் இடம் பெறாதது ஒரு காரணம். உக்ரைன் போரில் மூழ்கியிருந்த மாஸ்கோவுக்குத் துருக்கியும் அசர்பைஜானும் தேவைப்பட்டது மற்றொரு காரணம். ஆக, எங்கே உயிரைப் பணயம் வைப்பது, எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று நலனும் கதையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கதை ஆழப் பதிந்த இடத்தில் நலனின் கணக்கே தடுமாறிவிடுகிறது. சில நாட்களில் முடியும் என்று கருதப்பட்ட படையெடுப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். உடன்பிறந்தான் வரவேற்பான் என்று நம்பியவன், அவன் கதவை அடைத்து எதிர்த்து நிற்பான் என்பதைக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

டால்ஸ்டாய் கண்ட மறுபக்கம்

இந்தக் கட்டுரையின் அருகில் மற்றொரு ருஷ்யப் படைப்பை வைத்துப் பார்ப்போம். டால்ஸ்டாய் இளமையில் காகஸஸில் படைப்பணி ஆற்றியவர். இமாம் ஷாமிலின் தளபதிகளுள் ஒருவரான ஹாஜி முராத் 1851இன் இறுதியில் ருஷ்யரிடம் வந்து சேர்ந்தபோது அவர் அப்பகுதியிலேயே இருந்தார். தம் உடன்பிறந்தாருக்கு எழுதிய கடிதத்தில் அச்செயலை இகழ்ந்தும் எழுதினார். அதே மனிதரைப் பற்றி 1896இல் ஒரு குறுநாவலைத் தொடங்கி ஏறத்தாழ எட்டாண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார். அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1912இல், தணிக்கைக்கு உட்பட்டு அது வெளிவந்தது.

அந்நாவலில் அரசின் அறிக்கையும் மெய்யும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. ஒரு சிறு மோதலில் அவ்தேயெவ் என்னும் ஏழைச் சிப்பாய் சாகிறான். அதிகாரபூர்வ அறிக்கையிலோ மலைவாசிகள் நூறு பேர்வரை வீழ்ந்ததாக எழுதப்படுகிறது. பட்லர் என்ற இளம் அதிகாரி போரைக் கவிதையாகக் காண்கிறான். அந்தக் கவிதை கலையாதிருக்க, இறந்தவரையும் காயமுற்றோரையும் அவன் பார்ப்பதில்லை. புஷ்கினைப் போற்றிய அதே மரபிலிருந்து எழுந்து, அம்மரபின் கண் எதைப் பார்க்க மறுத்தது என்று டால்ஸ்டாய் சுட்டுகிறார்.

பட்லரின் படை அழித்துச் சென்ற சிற்றூரை அடுத்த அத்தியாயம் காட்டுகிறது. நாவலின் தொடக்கத்தில் ஹாஜி முராதுக்கு விருந்தளித்த சாதோவின் வீடு இடிந்து கிடக்கிறது. ஒளி மிகுந்த கண்களை உடைய அவன் மகன் முதுகில் குத்துண்டு பிணமாகக் கிடக்கிறான். பழமரங்கள் முறிக்கப்பட்டும், தேனடைகள் எரிக்கப்பட்டும், ஊற்றும் பள்ளிவாசலும் அசுத்தப்படுத்தப்பட்டும் கிடக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் கூடுகின்றனர். அவர்கள் உள்ளத்தில் எழுந்தது பகையைவிடக் கடுமையானது என்கிறார் ஆசிரியர். செய்தவர்களை மனிதராகவே அவர்களால் எண்ண முடியவில்லை. தொழுது முடித்து, ஷாமிலிடம் உதவி கேட்டுத் தூதனுப்ப அவர்கள் ஒருமனதாக முடிவு செய்கின்றனர். அவ்வளவுதான். ஒரு பேரரசு தன் பகைவரைத் தானே எவ்வாறு உண்டாக்கிக்கொள்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

டால்ஸ்டாய் நம்மவரை உயர்த்தி எழுதினார் என்று மகிழ்ந்துவிடவும் வேண்டா. அவருடைய ஷாமில் கடுமையானவர். ஹாஜி முராதின் குடும்பத்தைப் பிணையாக வைத்திருப்பவர். நிக்கொலஸ் மன்னரின் அரண்மனையையும் ஷாமிலின் முற்றத்தையும் ஒரே தராசில் அவர் நிறுத்துகிறார். இடையில் நசுங்கும் மனிதன்பால்தான் அவர் கண் நிலைக்கிறது. அவனை ‘நம் உடன்பிறப்பு’ என்று அவர் எங்கும் அழைக்கவில்லை. அவனுக்கென ஒரு தொழுகை, ஒரு நாணம், ஒரு தாய், ஒரு தாலாட்டு உண்டென்று காட்டுகிறார். உறவு கொண்டாடாமலே மதிப்பளிக்க முடியும் என்பதற்கு அந்நூல் சான்று. ஷெவ்செங்கோவுக்கு எழுதுகோலை மறுத்த அதே நிக்கொலஸ்தான் அந்நாவலில் மலைச் சிற்றூர்களை அழிக்க ஆணையிடும் மன்னர் என்பதையும் வாசகர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கதையில் இல்லாதவர்கள்

‘ஒரே மக்கள்’ கதையில் தமக்கென இடமில்லாத ஒரு மக்கள் கிரிமியாவில் உண்டு. அவர்களே கிரிமியத் தாத்தாரியர், முஸ்லிம்கள். 1783இல் காத்தரின் பேரரசி அத்தீபகற்பத்தைக் கைக்கொள்ளும் முன் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே அவர்களின் கானரசு இருந்தது. 1944 மே 18ஆம் நாள் தொடங்கி, ஏறத்தாழ 1,90,000 பேர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டுப் பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்குக் கடத்தப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் செஞ்சேனையில் போரிட்டுக்கொண்டிருந்த வேளை அது. அதே ஆண்டு பிப்ரவரியில் செச்சென்யரும் இங்குஷியரும் அவ்வாறே கடத்தப்பட்டிருந்தனர். சோவியத் ஆட்சியின் இறுதி ஆண்டுகளிலேதான் தாத்தாரியர் பெருமளவில் ஊர் திரும்ப முடிந்தது.

2014 மார்ச்சில் கிரிமியாவை இணைத்துக்கொண்டபோது புட்டின் ஆற்றிய உரையில் தாத்தாரியருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஒப்புக்கொண்டார். அவர்கள் மொழிக்கும் சம இடம் உண்டென்றார். அவ்வாண்டு டிசம்பரில், இளவரசர் விளாதிமீர் திருமுழுக்குப் பெற்ற கிரிமியா ருஷ்யர்க்குப் புனிதமானது என்றும், முஸ்லிம்களுக்கும் யூதருக்கும் ஜெரூசலத்தின் திருக்குன்று போன்றது என்றும் கூறினார். அந்த ஒப்புமை அவர் எண்ணியதைவிட அதிகம் சொல்லிவிட்டது. ஜெரூசலத்தை இருவர் உரிமை கோருவது உலகறிந்தது. கிரிமியாவின் இரண்டாம் உரிமையாளர் யார்? தாத்தாரியரின் தலைவர் முஸ்தபா ஜெமிலெவ் அவ்வாண்டே தம் தாயகத்துள் நுழையத் தடுக்கப்பட்டார். அவர்களுடைய மன்றமான ‘மெஜ்லிஸ்’ 2016இல் தீவிரவாத அமைப்பெனத் தடை செய்யப்பட்டது. 

ருஷ்யா 2005இல் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் பார்வையாளர் தகுதி பெற்ற நாடு. பெருந்தொகையான முஸ்லிம்களின் தாயகம் என்று முஸ்லிம் உலகின் முன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நாடு. அந்த அறிமுகம் பொய்யன்று. ஆனால் 2022க்குப் பின் உக்ரைன் களத்தில் இரு தரப்பிலும் செச்சென்யர் நின்று போரிட்டிருக்கின்றனர். ஷாமிலின் மலைகளிலிருந்து வந்தோர் ஒருவரையொருவர் குறி பார்க்கின்றனர். ஸ்லாவியரின் குடும்ப வழக்கு என்று சொல்லப்பட்ட ஒன்றில் இவர்கள் சிந்தும் குருதிக்கு அந்தக் குடும்பக் கதையில் எந்தப் பக்கத்தில் கணக்கெழுதுவது?

2022 மார்ச் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. நம் நாடு உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அரசுகளுக்கு ஒதுங்கி நிற்க ஆயிரம் காரணம் இருக்கலாம். படிப்பவனுக்கு அந்த வசதி இல்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்களால் ருஷ்ய இலக்கியத்தை நேசிக்கக் கற்ற தலைமுறைகள் நம்மிடையே உண்டு. அந்த நேசத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதைப் பயன்படுத்த வேண்டும். புஷ்கினைப் படிப்போர் வியாசெம்ஸ்கியின் கண்டனத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். வரலாற்று ஒருமைப்பாட்டைப் பேசும் கட்டுரையைப் படிப்போர் சாதோவின் இடிந்த வீட்டையும் நினைக்கட்டும்.

எந்த வல்லரசு எந்த அண்டை நாட்டைப் பற்றி எழுதினாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கதையில் அண்டை வீட்டான் வாய் திறக்கிறானா? அவன் ‘இல்லை’ என்று சொல்லும் ஒரு வரியேனும் இருக்கிறதா? அந்த வரி இல்லாத கதை எத்துணை அன்பு மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், உறவு சொல்லிப் புறப்படும் படைக்கு அது வழித்துணையே ஆகும்.